பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது ஆள்

அத்தியாயம் 11

"சுஜீ, அப்பாவோட போர்வ விலகிக் கெடக்கு பாரு."

குரல் அலுமாரிக்கு மேலேயிருந்து வந்தது. சுஜீதா கையிலிருந்த கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு, அப்பாவின் காலடியில் சுருண்டிருந்த போர்வையை இழுத்து இடுப்புவரை மூடினாள். அலுமாரி மேல் இருந்த வெள்ளைக் கெமரா அவள் பக்கம் மெல்லத் திரும்பியது. அது திரும்பும்போது ஒரு பூச்சி இறக்கை அடிப்பதுபோலச் சத்தம் வரும். இந்த இரண்டு வருஷத்தில், தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்கு அடையாளம் தெரிகிற சத்தம்.

"இன்னும் கொஞ்சம் மேல இழு. ஆ, போதும்," என்றான் அண்ணன் ஜனார்த்தனன்.

தெஹியோவிட்டவில் சனிக்கிழமை காலை எட்டு மணி. அவன் இருக்கும் டொரன்டோவில் வெள்ளி இரவு பத்தரை. படுக்கப்போகும் முன் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் படுப்பது அவன் வழக்கம்.

ராஜதுரை ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் பஸ் பாதையோரம் இந்த வீட்டைக் கட்டினார். பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் ஒரே நாளில் கொண்டுபோய்விட்டது. இடது கை வேலை செய்யும். காது கேட்கும். எல்லாம் புரியும், சொல்லத்தான் வழியில்லை. மூத்தவன் கனடாவில், இரண்டாவது மகள் ராகினி மெல்பர்னில். கல்யாணமாகாத கடைசிப் பெண் சுஜீதா, முப்பத்தெட்டு வயது, தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சம்பளமில்லா லீவு போட்டு அப்பாவோடு நின்றாள். ஆறு மாதம் என்று தொடங்கியது இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

அந்த லீவு நாளையோடு முடிகிறது. திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலையும் முடிந்துவிடும்.

இதை அவள் அண்ணனிடமோ அக்காவிடமோ இன்னும் சொல்லவில்லை. முதலில் அப்பாவுக்கு ஆள் பார்த்துவிட்டு, இன்று மாலை மூவரும் வீடியோவில் கூடும் குடும்பப் பேச்சில் சொல்லலாம் என்றிருந்தாள். ஆளும் கிடைத்திருந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து சீதாதேவி, முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டிய கைபலம் உள்ள மனுஷி, காலை ஏழிலிருந்து இரண்டு மணிவரை வர ஒப்புக்கொண்டிருந்தாள். சாமான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, போனில் முடித்த ஏற்பாடு அது. கெமராவின் கண்ணும் காதும் எட்டாத இடம் இந்த வீட்டில் இரண்டுதான்: அந்த அறையும் குளியலறையும்.

"சுஜீ, ஒரு விஷயம்," என்றது அலுமாரி. "இந்தக் கெமராவுக்கு மாசாமாசம் கட்டுற காசு கையக் கடிக்குது. இங்க எனக்கு வேலை நேரத்தக் கொறச்சிட்டானுங்க. அக்காவும் பாதி போடுறா, அப்பிடியும் ஏறிக்கிட்டே போகுது. ஒன் கூட்டாளி அந்த நுஸ்ஹாதானே இதெல்லாம் செய்யிறவ? கூப்பிட்டு எப்பிடியாவது கொறைக்கச் சொல்லு."

"ஒண்ணு ரெண்டு கெமராவ எடுத்துரலாமேண்ணே. பின் வராந்தாவுல எதுக்கு?"

"கெமரால கை வைக்காத. காச மட்டும் கொறை. பாஸ்வேட் அனுப்புறேன்."

பாஸ்வேட் வந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

* * *

நுஸ்ஹா பத்து மணிக்கு வந்தாள். இருவரும் ஒன்றாய்ப் படித்தவர்கள். நுஸ்ஹாவின் கணவர் ஷிராஸுக்கு பஜாரில் போன் கடை. கெமரா வேலை எல்லாம் நுஸ்ஹாவின் பொறுப்பு. பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

வந்தவளைச் சுஜீதா நேரே சாமான் அறைக்கு அழைத்துப்போனாள். அரிசி மூட்டைமேல் ஒருத்தி, கவிழ்த்த வாளிமேல் ஒருத்தி.

"ஏன்டி இந்த இருட்டுக்குள்ள?"

"வெளிய பேசுனா கனடாவுக்குக் கேக்கும்."

நுஸ்ஹா சிரித்தாள். சுஜீதா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சுஜீதாவின் போனில் அந்த அப்பைப் போட்டு, அண்ணனின் பாஸ்வேட்டைக் கொடுத்ததும் நான்கு சதுரங்கள் விரிந்தன. கேட். ஹால். அப்பாவின் அறை. பின் வராந்தா. தன் வீட்டை மேலேயிருந்து பார்க்க சுஜீதாவுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஹால் சின்னதாக, யாரோ வாழ்ந்துவிட்டுப் போன இடம்போல் தெரிந்தது. நுஸ்ஹா விரலை நகர்த்தினாள். பழைய பதிவுகள் நாள் நாளாக அடுக்கியிருந்தன. ஒன்றைத் தொட்டபோது, பின் வராந்தாவில் ஒரு பெண் துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்து முகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. யார் என்று ஒரு கணம் கழித்துத்தான் சுஜீதாவுக்குப் புரிந்தது.

"அத மூடு," என்றாள்.

நுஸ்ஹா மூடிவிட்டு, காசு வெட்டும் பக்கத்துக்குப் போனாள்.

"இங்க பாரு. இந்த மாசக் காசு மூணு துண்டா ஈக்கி. ஒண்டு, அறுவது நாள் வீடியோவ அவங்கட எடத்துல சேத்து வைக்கிறதுக்கு. அறுவது நாள் வீடியோவ யாரு பார்க்கப்போற? ஒவ்வொரு கெமராவுலயும் ஒரு மெமரி கார்ட் போட்டா சரி. ஒருக்கா வாங்குற செலவுதான், பொறகு ஒரு சதம் இல்ல. ரெண்டாவது, யாராச்சும் நடமாடினா போனுக்கு மணியடிக்கிறதுக்கு. அதுல மனிசனா, நாயான்னு பிரிச்சுச் சொல்றதுக்குத்தான் காசு. சும்மா மணி அடிக்கிறது ஓசி."

"சரி. மூணாவது?"

"மூணாவது ஆளுக்கு."

"என்ன ஆளு?"

"ரெண்டு பேர் பார்க்கிறதுக்குக் காசில்ல. மூணாவது ஒராள் சேர்ந்தா மாசாமாசம் வெட்டுறாங்க."

"அது நானா இருக்கும்."

"நீ எங்க? நீ ஒண்ட அண்ணன்ட பேர்லதானே இப்ப உள்ளுக்கு வந்த." நுஸ்ஹா பட்டியலைத் திறந்தாள். "டொரன்டோ ஒண்டு. மெல்பர்ன் ஒண்டு. இது... அவிசாவளை."

திரையில் ஆங்கில எழுத்தில் 'துஷ்' என்று இருந்தது. கீழே சின்னதாக ஒரு வரி. கடைசியாகப் பார்த்தது: இன்று காலை 6.12, பின் வராந்தா.

ஆறேகாலுக்குச் சுஜீதா குளித்துவிட்டு வந்து அங்கே நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணியின் தம்பி துஷாந்தன். அவிசாவளையில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறவர். ஒரு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பாவின் மருந்தோடு மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர். வீட்டார் எல்லோரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட, இன்னமும் அவளை 'டீச்சர்' என்று கூப்பிடுகிற ஒரே ஆள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பப்போவதை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். சனிக்கிழமைகளில் அவள் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்தத் தொடங்கியிருந்தது நுஸ்ஹாவுக்கும் தெரியும்.

காஸ் முடிந்த அன்று, சொல்லாமலே சிலிண்டரோடு வந்து நின்றார். கல்மேல் உட்கார்ந்து அழுத அன்று, பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "ஏன் டீச்சர், மனசு சரியில்லையா?" எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "தோணிச்சி" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் எத்தனையோ நாள் ஓட்டியிருந்தாள்.

"சுஜீ," என்று நுஸ்ஹா அவள் முழங்காலைத் தொட்டாள். "தூக்கிருவமா? ஒரு அமுக்குதான். ஆனா ஒண்ட அண்ணனுக்கு மெசேஜ் போகும்."

"கார்டுகளப் போடு. காச எவ்வளவு கொறைக்க முடியுமோ கொறை," என்றாள் சுஜீதா. குரல் அவளுக்கே வேறு யாருடையதுபோலக் கேட்டது. "அவர மட்டும் விட்டு வை. மூணு மணிக்கு வருவாரு."

* * *

மூன்று மணி பஸ் வந்து சேர்வதற்குள் மழை தூறத் தொடங்கிவிட்டது. துஷாந்தன் குடையை மடக்கிக்கொண்டு முன் வராந்தாவில் ஏறினார். கையில் மருந்துப் பை, இன்னொரு பையில் மாம்பழம்.

"டீச்சர், திங்கட்கிழமைக்கு ரெடியா?"

"உட்காருங்க," என்றாள் சுஜீதா.

அவர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் மருந்துப் பையை வாங்கிக்கொண்டு ஹாலுக்குள் போனாள். ஹால் கெமரா அவளைப் பார்த்துத் திரும்பியது. வெளியே அவர் சட்டைப் பையில் போன் 'டிங்' என்றது.

பையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்ப வந்தாள். டிங்.

அவர் பார்க்கவில்லை. பழகிப்போன மனுஷன், மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பவும் உள்ளே போனாள். டிங். வெளியே வந்தாள். டிங். நான்காவது தடவை வாசற்படியில் அப்படியே நின்றாள். அப்போதுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையைப் பார்த்தார். கை தானாகப் போய்ப் பையை மூடிக்கொண்டது.

"எத்தன நாளா?"

"டீச்சர்..."

"எத்தன நாளா பார்க்குறீங்க?"

"ஒரு வருஷமாச்சி. அத்தான்தான் கேட்டாரு. தூரத்துல இருக்கோம், அவசரம்னா ஓடிவர ஒரு ஆம்பள ஆள் வேணும், ஒரு கண்ணு வச்சுக்கன்னு. தப்பா எடுத்துக்காதீங்க."

"அவசரத்துக்கு கேட் கெமரா போதும். அப்பா ரூம் போதும். பின் வராந்தா எதுக்கு?"

அவர் குடையின் பிடியைத் திருகினார்.

"காலையில ஆறேகாலுக்கு என்ன அவசரம்?"

"மொதல்ல அத்தானுக்காகத்தான் பார்த்தேன்," என்றார் மெல்ல. "பொறகு..."  காது மடல் சிவந்திருந்தது. வேறொரு நாளில், வேறொரு விதத்தில் அவர் இதைச் சொல்லியிருந்தால் அவள் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்திருப்பாள். இப்போது முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"நான் திங்கட்கிழம பள்ளிக்கூடம் போறத அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

"என்னைக்கு?"

"வியாழக்கிழம. அவரே கேட்டாரு டீச்சர். சீதாதேவி வீடு பார்க்க கேட் வரைக்கும் வந்துட்டுப் போனத அவரும் கெமராவுல பார்த்திருக்காரு. யாரு அதுன்னு கேட்டாரு. பொய் சொல்ல முடியல."

சுஜீதா தன் போனை எடுத்தாள். நுஸ்ஹா காட்டிக்கொடுத்த இடத்தைத் தொட்டு, 'துஷ்' என்ற பெயரை அவர் முன்னாலேயே அழுத்தினாள். நிச்சயமாகவா என்று அது கேட்டது. ஆம் என்றாள்.

"பஸ் நாலு மணிக்கு இருக்கு," என்றாள். "மாம்பழத்த எடுத்துட்டுப் போங்க."

அவர் எழுந்தார். மழைக்குள் இறங்கினார். குடையை விரிக்க மறந்து பாதைவரை நனைந்துகொண்டே போனார். மாம்பழம் நாற்காலி அடியிலேயே கிடந்தது.

அவர் கேட்டைத் தாண்டி ஐந்து நிமிஷம் இருக்காது, சீதாதேவியிடமிருந்து போன் வந்தது.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. நேத்து ராத்திரி கனடா ஐயா பேசுனாரு. வேற ஆள் பார்த்துட்டோம், நீங்க வரவேணாம்னு சொன்னாரு. நல்ல மரியாதையாத்தான் பேசுனாரு."

"நான்தானே ஒங்களக் கூப்பிட்டேன்?"

"நீங்கதான். ஆனா ஐயா வீட்டுக்குப் பெரியவரு. நாளைக்கு நான் அங்க வந்து நிக்கிறப்ப மேலேயிருந்து என்னமும் சத்தம் போட்டா, என்னால தாங்க முடியாது மிஸ். வேற வேலைக்கு ஒத்துக்கிட்டேன்."

ஆக, காலையில் போர்வையை இழுக்கச் சொன்னபோதே அண்ணனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் காசைக் குறைக்கச் சொன்னான். சுஜீதா ஹாலின் நடுவில் நின்றாள். எந்தப் பக்கம் போனாலும் ஒரு கெமரா திரும்பும். சாமான் அறைக்குப் போகலாம். எவ்வளவு நேரம் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருப்பது?

* * *

குடும்பப் பேச்சு மாலை ஆறரைக்கு. அப்பாவின் கட்டிலருகே ஸ்டூலில் போனைச் சாய்த்து வைத்தாள். ஒரு சதுரத்தில் அண்ணன், காலைத் தேநீரோடு. மற்றதில் அக்கா ராகினி, மருத்துவமனை டியூட்டி முடிந்து வந்த களைப்போடு. அப்பா தலையணையில் சாய்ந்து மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ்வளவு மிச்சம்?" என்றான் அண்ணன் முதலில்.

"முழுசும் மிச்சம். அடுத்த மாசத்துலேர்ந்து ஒங்களுக்கு ஒரு சதம் வராது. நாலு மெமரி கார்ட் வாங்கினேன். வீடியோ எல்லாம் இனி கார்டுல, இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கும்."

"நாங்க பழசப் பார்க்கணும்னா?"

"என்கிட்ட கேளுங்க."

அண்ணன் தேநீரை வைத்தான். "துஷாந்தன ஏன் எடுத்த?"

"எந்த துஷாந்தன்?" என்றாள் ராகினி. "எதுலேர்ந்து?"

அண்ணன் மறுபடி தேநீரைக் கையில் எடுத்தான். 

"ஒங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றாள் சுஜீதா. "நீங்க பாதிக் காசு கட்டுறது மூணு பேருக்கு. ஒரு வருஷமா அண்ணியோட தம்பி நம்ம வீட்டுக்குள்ள பார்த்துக்கிட்டு இருந்தாரு. நான் தூங்கி எந்திரிக்கிறதுலேர்ந்து."

"அண்ணே?" ராகினியின் குரல் உடைந்தது. "பொம்பளப்புள்ள இருக்கிற வீடு. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல?"

"எல்லாரும் என்னையே பேசுங்க!" என்று கத்தினான் ஜனார்த்தனன். "அப்பா விழுந்தா யாரு தூக்குறது? நானா இங்கேர்ந்து வாறது? டிக்கெட் எடுக்க வழியிருந்தா நான் கெமராவப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேனா? நித்திரையில்லாம மணிக்கொருக்கா எந்திரிச்சிப் பார்க்குறேன். ஒரு நம்பிக்கையான ஆள வச்சேன். அது குத்தமா?"

அவன் கண்ணில் நீர் நின்றதைச் சுஜீதா பார்த்தாள். அவன் சொல்வது பொய்யில்லை என்பதுதான் அவளை இன்னும் நெருக்கியது. கெட்டவன் என்றால் சண்டை போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

"அண்ணே, நான் திங்கட்கிழம பள்ளிக்கூடம் போறேன்."

"அப்பாவ யாரு பார்ப்பா?"

"பார்க்கத்தானே மூணு பேர் இருந்தீங்க. கஞ்சி குடுக்க ஒரு ஆளப் பேசி வச்சேன். அந்த மனுஷியத்தான் நீங்க வரவேணாம்னுட்டீங்க. இப்ப நீங்களே ஒரு ஆளச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழம ராத்திரி வரைக்கும் நேரம் இருக்கு."

"நான் காசு அனுப்புறேன், நர்ஸ் வைக்கலாம்," என்றாள் ராகினி உடனே.

"ரெண்டு நாளுக்குள்ள தெஹியோவிட்டவுல நர்ஸ் எங்க கெடப்பா?" அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். குரல் இறங்கி, பேச்சை முடிக்கிற தொனிக்கு வந்திருந்தது. "சரி. நீ பிடிவாதமா போறதுன்னா போ. நான் துஷாந்தன லீவு போட்டுட்டு வந்து இருக்கச் சொல்றேன். நீ வீட்டப் பூட்டிட்டுப் போனாலும் பிரச்சினையில்ல. அவன்கிட்டதான் சாவி இருக்கே."

சுஜீதாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றியது.

"எந்தச் சாவி?"

"வீட்டுச் சாவிதான். முன் கதவும் பின் கதவும். போன வருஷத்துலேர்ந்து இருக்குன்னு அவனே சொன்னான்."

"நீங்க குடுத்தீங்களா?"

"நான் இங்க இருந்து எப்பிடிக் குடுக்க? நீதான் குடுத்திருப்பேன்னு நெனச்சேன்."

"நானும் குடுக்கல்ல," என்றாள் ராகினி மெல்ல.

சுஜீதா எழுந்தாள். போனை அப்படியே விட்டுவிட்டு முன் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். பின் கதவுக்கு ஓடினாள். அதற்குத் தாழ்ப்பாள் இல்லை, பூட்டு மட்டும்தான். மாவரைக்கும் கிரைண்டரை இழுத்துக் கதவோடு சேர்த்து வைத்தாள். அதற்குமேல் வாளியை வைத்தாள். அது எதையும் நிறுத்தாது என்று தெரிந்தும் வைத்தாள்.  பூட்டை மாற்றலாம். பஜாரில் கடைகள் மூடியிருக்கும். அப்பாவைத் தனியே விட்டுவிட்டு வெளியே இறங்கவும் முடியாது.

அறைக்குத் திரும்பியபோது போனில் அண்ணனும் அக்காவும் ஒருவரையொருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்று கட்டிலருகே மண்டியிட்டாள். "அந்த மனுஷன் கையில சாவி எப்பிடிப்பா போச்சி? ஒங்களுக்குத் தெரியுமா? யாருப்பா குடுத்தா?"

ராஜதுரையின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சத்தம் வரவில்லை. அவர் இடது கையை மெத்தையிலிருந்து மெல்லத் தூக்கினார். அது மேலே வந்து, 'நான்தான்' என்பதுபோல அவருடைய சொந்த நெஞ்சின்மேல் விரித்தபடி நின்றது.